நேர்காணல் தள்ளிப்போனதா, ரத்தானதா?

மறுபடியும் ஒருவர் நேர்காணலைக் கோட்டைவிட்டிருக்கிறார். வந்த மின்னஞ்சலில் ‘புட் ஆஃப் அன்டில் மண்டே’ (put off until Monday) என்று தெளிவாகவே இருந்தது. ‘ஆஃப்’ என்றதும் கதை முடிந்தது என்று நினைத்து, திங்கட்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இப்படி யாராவது வந்து நிற்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

விஷயம் இவ்வளவுதான்: புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது, கால் ஆஃப் (call off) என்றால் ரத்து செய்வது.

தனித்தனிச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் போதும், கூட்டிப் போட்டுப் புரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. புட் என்றால் வை, ஆஃப் என்றால் அணை, ஆகவே நிறுத்திவிட்டார்களாம். கால் என்றால் கூப்பிடு. ஆகவே கூட்டத்துக்கு அழைக்கிறார்களாம்! தமிழை நாம் அப்படியா படிக்கிறோம்? ‘கண்டுபிடித்தான்’ என்றால் யார் கையில் எது அகப்பட்டது என்று தேடுகிறோமா? ‘விட்டுக்கொடுத்தாள்’ என்றால் எதை விட்டாள், எதைக் கொடுத்தாள் என்று கேட்கிறோமா? ‘தள்ளிப்போடு’ என்பதையும் ஒரே வினையாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்கும் அந்த நியாயத்தைச் செய்யுங்கள். அகராதியில் இரண்டு சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் கால் ஆஃப் வரும் இடமெல்லாம் ‘ரத்து’ என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் இடத்துக்கு ஏற்பத் தமிழ்ச் சொல் மாறும். வேலைநிறுத்தம் என்றால் வாபஸ். தேடுதல் பணி என்றால் கைவிடப்பட்டது. கல்யாணம் என்றால் நின்றுபோனது. மழையால் பாதியில் கைவிட்ட ஆட்டத்துக்கும் கால் ஆஃப்தான்.

புட் ஆஃபுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ‘டோன்ட் லெட் த பிரைஸ் புட் யூ ஆஃப்’ என்றால், விலையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள் என்று பொருள். நடுவில் ஆள் வந்தால் பெரும்பாலும் இந்த அர்த்தம்தான்.

எழுதும்போது ‘இட்’ நடுவில்தான் வரும்: புட் இட் ஆஃப், கால் இட் ஆஃப். கடைசியில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். புட் ஆஃபுக்குப் பின் வினை வந்தால் ‘கோயிங்’ என்பதுபோல ‘இங்’ சேர்த்து எழுதுங்கள். ‘டு கோ’ தவறு.

அப்புறம், தேதியைப் பாருங்கள். ‘அன்டில்’ போட்டுப் புதுத் தேதி இருந்தால் தள்ளிவைத்திருக்கிறார்கள். தேதியே இல்லையா? நீங்களாக ஒரு முடிவுக்கு வராமல், வேறு தேதி உண்டா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அனுப்புகிறவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன்: வேலை, தேர்வு, மருத்துவம் பற்றிய கடிதமென்றால் ‘போஸ்ட்போன்ட்’, ‘கேன்சல்ட்’ என்றே எழுதிவிடுங்கள்.