காலைக் கொடை வரதட்சணை அல்ல

பழைய ஜெர்மானியச் சட்டங்களில் வரும் ‘மோர்கன்காபே’ என்ற சொல்லை வரதட்சணை என்று தமிழில் எழுதுவது பெரும் பிழை. முதலிரவுக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குக் கொடுத்தது அது; சொல்லின் பொருளே ‘காலைக் கொடை’. அவளுடைய சொத்து.

மூன்று கொடுக்கல்களைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். இத்தாலியை ஆண்ட லொம்பார்டுகளுக்கு ரோத்தாரி மன்னன் 643இல் தொகுத்த சட்டத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மணம் பேசி மாப்பிள்ளை தருவது ‘மெத்தா’; நம் பரிசம் போல. பிறந்த வீட்டார் கொடுத்தனுப்புவது ‘ஃபாதர்ஃபியோ’; சீதனத்துக்கு அருகில் வருவது இதுதான். மூன்றாவது ‘மோர்கின்காப்’, அதாவது காலைக் கொடை. விதவை மறுமணம் செய்தால், பின்னிரண்டும் அவளுக்கே என்கிறது அந்தச் சட்டம்.

ஜெர்மானியரைப் பற்றிக் கி.பி. 98இல் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸைக் காலைக் கொடைக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. காளைகள், கடிவாளமிட்ட குதிரை, கேடயம், ஈட்டி, வாள் ஆகியவற்றைக் கணவன் மனைவிக்குத் தருவான் என்றுதான் அவர் சொல்கிறார். மறுநாள் காலை என்ற பேச்சே அதில் இல்லை.

கொடுத்ததை நிரூபிப்பதில்தான் சிக்கல். வீட்டுக்குள் கொடுத்ததற்குச் சாட்சி யார்? கணவன் இறந்தபின் அவன் உறவினர் மறுத்தால் விதவை என்ன செய்வாள்? லொம்பார்டு மன்னன் லியுட்பிராண்ட் 717இல் இதற்கு வழி வகுத்தான். மறுநாளே உற்றார் நண்பர் முன்னிலையில், சாட்சிகள் உறுதிசெய்த பத்திரத்தைக் காட்டி, “என் மனைவிக்கு இதைக் கொடுத்தேன்” என்று கணவன் அறிவிக்க வேண்டும்; பின்னாளில் பொய்ச் சத்தியத்துக்கு இடம் இருக்காது. கொடை அவன் சொத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டவும் கூடாது.

இன்னொரு ஜெர்மானிய இனத்தாரான அலமன்னியர் பத்திரம் கேட்கவில்லை. 12 சொலிடஸ் பொற்காசு மதிப்பு வரை, பெண் தன் மார்பின் மேல் சத்தியம் செய்தால் போதும். 13ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சட்டநூலான சாக்சன்ஷ்பீகலிலும் இந்த நம்பிக்கை நிற்கிறது: புனிதச் சின்னங்களின் மேல் அவள் சத்தியம் செய்தால் வேறு சாட்சி வேண்டாம். வீரர்குல ஆண் காலையில் அவளோடு உணவு மேசைக்குப் போகும்போது, உண்பதற்கு முன் கொடுக்கலாம் என்று நேரத்தைக்கூட அது குறிக்கிறது. பெண்ணின் வாக்கையே சான்றாக ஏற்ற இந்த விதிகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கிடைத்தது கைவிட்டுப் போகவும் கூடும். இங்கிலாந்தில் க்னூட் மன்னனின் சட்டப்படி, விதவை 12 மாதத்துக்குள் மறுமணம் செய்தால் காலைக் கொடையும் முதல் கணவன் வழி வந்த மற்றச் சொத்தும் போய்விடும்.

அரச குடும்பத்தில் அதன் அளவே வேறு. பிராங்கிய மன்னன் சில்பெரிக், மனைவி கல்ஸ்வின்தாவுக்கு மணக்கொடையாகவும் காலைக் கொடையாகவும் தந்தவை போர்தோ, லிமோஜ், காவோர் உள்ளிட்ட ஐந்து நகரங்கள். அவள் கொலையுண்டபின் தங்கை புருன்ஹில்டா அவற்றுக்கு உரிமை கோரினாள். 587இல் ஆந்தெலோ உடன்படிக்கை காவோரை உடனே அவளுக்குத் தந்தது. மற்ற நான்கும் சில்பெரிக்கின் சகோதரன் குந்த்ராம் மன்னனின் ஆயுளுக்குப் பிறகு அவளுக்குச் சேரும் என்று எழுதிவைத்தது.