சத்தம் வரவில்லையா? ஃபார்மேட் போடக் கொடுக்காதீர்கள்

சத்தம் வரவில்லை என்பதற்காக ஃபார்மேட் போடப்பட்ட, அதாவது சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிய, இன்னொரு கம்ப்யூட்டர் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. டியூஷன் எடுக்கும் ஒரு ஆசிரியையுடையது. டெஸ்க்டாப் திரையில் அவர் சேமித்து வைத்திருந்த வினாத்தாள்கள் எல்லாம் போச்சு. ஃபார்மேட்டுக்கு அப்புறமாவது சத்தம் வந்ததா? இல்லை. புது மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருக்கிறார், அதுதான் விஷயம்.

எச்டிஎம்ஐ கேபிளில் படத்தோடு சத்தமும் போகும், டிஸ்ப்ளேபோர்ட்டிலும் அப்படித்தான். புது மானிட்டரைப் பார்த்ததும் விண்டோஸ் பல நேரம் சத்தத்தையும் அந்தப் பக்கமே திருப்பிவிடும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வால்யூம் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் 10-இல் பட்டைக்கு மேலே சாதனத்தின் பெயர் இருக்கும், அதை அழுத்த வேண்டும்.

ஆனால் வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சார், டிரைவர் போயிடுச்சு." டிரைவர் என்பது ஆடியோ சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் ஒரு மென்பொருள். பேட்டரி மாதிரி தானாகத் தீர்ந்துபோகாது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் கெடும், மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதே! விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, mmsys.cpl என்று தட்டுங்கள். பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அங்கே வரும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் டிரைவர் வேலை செய்கிறது, சத்தம் உருவாகி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. பச்சைக் கோடு குதிக்கும்போதே டிரைவர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தக் கடையிலிருந்து சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோடு உங்கள் ஸ்பீக்கருக்கு நேராகவே குதித்தும் சத்தம் இல்லையென்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள். இப்போதைய 2.1 ஸ்பீக்கர்களில் பல, கரண்ட் போய் வந்ததும் ப்ளூடூத்திலோ எஃப்எம்மிலோ போய் நின்றுகொள்ளும். மோடு பட்டனை அழுத்தி ஆக்ஸுக்கு, அதாவது ஒயர் வழியாக வரும் சத்தத்துக்கு, மாற்றுங்கள். எங்கள் தொழிலில் இதற்குச் சர்வீஸ் சார்ஜ் வாங்கவே கூச்சமாக இருக்கும், சிலருக்கு இருப்பதில்லை.

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக்குறி இருந்தால், மியூட் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுக் கேபினெட்டின் பின்பக்கம் போங்கள். பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. வீடு கூட்டும்போது இழுபட்டுப் பாதி கழன்ற ஜாக் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்பக்க ஓட்டையில் மட்டும் சத்தம் வராவிட்டால், உள்ளே மதர்போர்டில் அந்த ஒயரைச் செருகவே மறந்திருக்கலாம்.

உண்மையிலேயே டிரைவர்தான் என்றாலும் ஃபார்மேட் வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். சரியாகவில்லையா? மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். 'எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஸ்பீக்கரில் விடாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல், கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அது என் வேலையே இல்லை. எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இத்தனையும் பார்த்துச் சத்தம் வராமல், மதர்போர்டின் ஆடியோ சிப்பே போயிருந்தாலும்கூட மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது, செருகினால் பாடும். அப்புறம், எந்தக் கடையில் கொடுத்தாலும் முதலில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட்டில் அழியும் சி டிரைவில்தான் பொதுவாக அவை மூன்றும் இருக்கும்.