மூன்றாவது நிமிடத்தில் முறிந்த முட்டு

2019 நவம்பர் 2, ஜப்பானின் யோக்கஹாமா. ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் மூன்றாவது நிமிடம். தென்னாப்பிரிக்காவின் மபிம்பியை மடக்கப் பாய்ந்த இங்கிலாந்து வீரர் கைல் சின்க்ளரின் தலையில், தன் அணியின் மாரோ இட்டோஜேயின் முழங்கையே இடித்துவிட்டது. சின்க்ளர் நினைவிழந்து சரிந்தார். அவருக்குப் பதிலாக டான் கோல் இறங்கினார். ஒரு வாரம் முன்பு அரையிறுதியில் நியூசிலாந்தை 19-7 என்று மடக்கிப்போட்ட இங்கிலாந்து, அன்று 12-32 என்று தோற்றது.

தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லலாம். என்னைக் கேட்டால், ஸ்க்ரம்மில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

பந்தைக் கைதவறி முன்னால் போடுவது போன்ற சின்னத் தவறு நடந்தால் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறைதான் ஸ்க்ரம். பக்கத்துக்கு எட்டு பேர், மூன்று வரிசையாகக் கோத்துக்கொண்டு, குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். ஒரு பக்கத்து எடை மட்டும் ஏறத்தாழ 900 கிலோ. சர்வதேச அணிகள் அந்த நிலையில் தொடர்ந்து தள்ளும்போது பிறக்கும் விசை சுமார் 8,000 நியூட்டன். 800 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். பார்ப்பவருக்கு வெறும் தள்ளுமுள்ளு. உள்ளே நடப்பது அத்தனையும் கோணக் கணக்கு.

முன்வரிசையில் மூன்று பேர். இடது ஓரம் லூஸ்ஹெட் ப்ராப், நடுவில் ஹூக்கர், வலது ஓரம் டைட்ஹெட் ப்ராப். லூஸ்ஹெட்டின் தலைக்கு ஒரு பக்கம் திறந்த வெளி. டைட்ஹெட்டின் தலையோ எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே சிக்கியிருக்கும். இரண்டு தோளிலும் எதிரியின் பாரம் ஏறும். மொத்த ஸ்க்ரம்மையும் தாங்கும் முட்டு அவர்தான். சின்க்ளர் ஆடியதும், கோல் வந்து நின்றதும் அந்த இடத்தில்தான்.

நின்றுபோன வண்டியைத் தள்ளியவர்களுக்கு இது புரியும். இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக இருந்தால் காலின் பலம் முழுக்க வண்டிக்குப் போகும். முதுகு வளைந்துவிட்டால் அந்த பலம் முதுகை வளைப்பதிலேயே தீர்ந்துபோகும். ஸ்க்ரம்மில் ஒரு ப்ராப்பின் முதுகு மடிந்தால், பின்னால் இருப்பவர் தள்ளத் தள்ள அவர் இன்னும்தான் மடிவார். தன் அணியின் பலமே அவருக்கு எதிரியாகிவிடும்.

எதிரி கொஞ்சம் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். உராய்வு, காலடி தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. உடம்பை மேலே நெம்பினால் அந்த அழுத்தம் குறையும், ஷூவின் ஆணிகள் புல்லைச் சீவிக்கொண்டு பின்னே நழுவும். கோலுக்கு எதிரே நின்ற டெண்டாய் எம்டவரீரா, ‘பீஸ்ட்’ என்று ரசிகர்கள் கூவி அழைக்கும் லூஸ்ஹெட், இதில் கைதேர்ந்தவர். அது அவருடைய 117-வது டெஸ்ட், அதாவது சர்வதேசப் போட்டி; கடைசி டெஸ்ட்டும்கூட. ஸ்க்ரம் சரியச் சரிய, தவறு இங்கிலாந்துடையது என்று நடுவர் தென்னாப்பிரிக்காவுக்குப் பெனால்டி கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பெனால்டியிலும் ஹான்ட்ரே பொல்லார்டின் காலுக்கு மூன்று புள்ளி எடுக்க வாய்ப்பு. இடைவேளையில் 12-6.

பழியைக் கோல் தலையில் மட்டும் போடுவது அநியாயம். உதைபட்டவர் அவர், ஆனால் மாற்ற ஆளில்லை. மாற்று வீரர்களில் டைட்ஹெட் அவர் ஒருவர்தான். மிச்சமிருந்த ஆட்டம் முழுவதையும் அவரே தாங்கவேண்டியதாயிற்று. அசையாமல் இறுகித் தள்ளும்போது தசைக்குள் ரத்தக்குழாய்கள் நசுங்கி, ஆக்சிஜன் வரத்து குறையும். உடனடி சக்தி தரும் கிரியேட்டின் பாஸ்பேட் பத்து விநாடி வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது திரும்பச் சேர சில நிமிடங்கள் வேண்டும். ஸ்க்ரம்முக்கு ஸ்க்ரம் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார். எட்டு மாற்று வீரர்களில் ஆறு பேர் ஸ்க்ரம்மில் தள்ளும் முன்கள ஆட்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கிட்ஷாஃப், கோக் என்று இரண்டு புது ப்ராப்கள் வந்தார்கள். மறுபடியும் ஸ்க்ரம் பெனால்டி, 15-6. அப்புறம் இங்கிலாந்தும் எதிர் ஓரத்தில் ஜோ மார்லரைக் கொண்டுவந்தது. உடனே ஒரு ஸ்க்ரம் பெனால்டி இங்கிலாந்துக்கே கிடைத்தது! களைக்காத ஒரு முதுகு எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஆட்டம் கைமீறத் தொடங்கியிருந்தது. விரட்டிப் பிடிக்க ஓடியதில் தடுப்பு விரிசல் விட்டது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மபிம்பியும் செஸ்லின் கோல்பியும் ஆளுக்கொரு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) போட்டு முடித்துவைத்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2023 அக்டோபரில் பாரிஸில் உலகக் கோப்பை அரையிறுதி. அதே இரண்டு அணிகள். இந்த முறை முதலிலிருந்தே கோல் ஆடினார், 36 வயதில். ஸ்க்ரம் கலையாமல் நின்றது. அவர் வெளியே போய், தென்னாப்பிரிக்கா ஆக்ஸ் என்சேயை இறக்கிய பிறகுதான் இங்கிலாந்தின் ஸ்க்ரம் ஆட்டம் கண்டது. முடிய சில நிமிடம் இருக்கையில் ஸ்க்ரம்மில் கிடைத்த பெனால்டியைப் பொல்லார்ட் தூரத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போட்டார். 16-15.