கந்தக அமிலத்தை வைத்துப் பனிக்கட்டி செய்த கணக்குப் பேராசிரியர்

‘நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்து, அதுவே உறைந்தும் போகிற வீடியோ ஒன்று பார்த்தேன். நிஜமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிஜம்தான். இதன் சூட்சுமத்தைப் பிடித்து 1810இலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பனிக்கட்டி செய்து காட்டியவர் ஜான் லெஸ்லி. அப்போது அவர் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்.

1766இல் ஸ்காட்லாந்தின் லார்கோவில் ஒரு தச்சருக்குப் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். பீங்கானுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த வீட்டு டாம் வெட்ஜ்வுட் அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகையும் கொடுத்தார். 1804இல் வெப்பம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

அந்த நூலின் ஒரு குறிப்பில், காரண காரியம் பற்றி, நாத்திகர் என்று பேர் வாங்கிய தத்துவஞானி டேவிட் ஹியூம் சொன்னதை லெஸ்லி பாராட்டியிருந்தார். போதாதா? 1805இல் எடின்பரோ கணிதப் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டதும், ‘இது நாத்திகம்’ என்று பாதிரியார்களில் ஒரு பிரிவினர் கிளம்பிவிட்டார்கள். விவகாரம் திருச்சபையின் பொதுப் பேரவை வரை போனது; 96க்கு 84 என்ற வாக்கில்தான் தப்பித்தார். வடிவியல் நடத்த வருகிறவரின் கடவுள் நம்பிக்கையை எதற்குத் துருவ வேண்டும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, பனிக்கட்டிக்கு வருவோம். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அகலமான தட்டில் அடர்ந்த கந்தக அமிலம், அதற்கு மேலே சிறு கிண்ணத்தில் தண்ணீர். பம்பால் காற்றை இறைத்துவிட்டால், ஆவியாவதற்குத் தடை குறைந்து, நெருப்பில்லாமலே கொதிக்கும் அளவுக்குத் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாததால், மண்பானையில் நடப்பதுபோல, மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்தே அது பறிக்கப்படுகிறது. 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், சுமார் 15 கிராம் ஆவியானாலே மீதி 85 கிராமும் கட்டியாகிவிடும்.

அப்படியானால் பம்பு மட்டும் போதாதா, அமிலம் எதற்கு? எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். 0 டிகிரிக்குப் பக்கத்தில், அந்த மெல்லிய அழுத்தத்தில், ஒரே ஒரு கிராம் நீராவி ஏறக்குறைய 200 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். 15 கிராம் என்றால் ஆயிரக்கணக்கான லிட்டர்! அக்காலத்துக் கைப்பம்பை எத்தனை தரம் இழுப்பது? ஆவியை வெளியேற்றாவிட்டால் கூண்டு ஆவியால் நிரம்பி, ஆவியாவதே நின்றுவிடும். தண்ணீர் என்றால் பேராசை பிடித்த கந்தக அமிலமோ வருகிற ஆவியை வந்த வேகத்தில் விழுங்கிவிடுகிறது. 200 லிட்டர் சரக்கு தட்டில் ஒரே ஒரு கிராம் கனமாகச் சேர்கிறது, அவ்வளவுதான். முதலில் காற்றை அகற்றுவதோடு பம்பின் வேலை முடிந்தது. அப்புறம் எல்லாம் அமிலத்தின் பாடு.

நீர்த்துப்போன அமிலத்தைக் காய்ச்சி மறுபடி பயன்படுத்தலாம். லெஸ்லி 1819இல் இயற்பியல் துறைக்கு மாறினார், 1832இல் ‘சர்’ பட்டம் வாங்கிய அதே ஆண்டில் காலமானார். 1860களில் எட்மண்ட் காரே என்ற பிரெஞ்சுக்காரர் இதே கந்தக அமில முறையில் ஒரு கருவி செய்தார். பாரிஸ் உணவகங்களில் குடிநீர்க் குப்பிகளைச் சில்லிட வைக்க அது பயன்பட்டது.