உபாதானம்: பற்றிக்கொள்வதும் பற்றி எரிவதும்

பௌத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது 'உபாதானம்' என்ற பாலிச் சொல் அடிக்கடி எதிர்ப்படும். விரும்பியதை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனநிலைக்கு அந்தப் பெயர். 'ஆதானம்' என்றால் எடுத்துக்கொள்ளுதல். முன்னால் 'உப' சேரும்போது தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுதல் ஆகிறது.

அதே சொல்லுக்குப் பாலியில் எரிபொருள் என்றும் பொருள் உண்டு. அடுப்புக்கு விறகு உபாதானம், விளக்குக்கு எண்ணெயும் திரியும் உபாதானம். புத்தரின் பேச்சில் இந்த இரண்டு பொருளும் பிரியாமல் வரும். கயைக்கு அருகே, அதுவரை தீ வளர்த்து வழிபட்டு வந்த சடைமுடித் துறவியர் ஆயிரம் பேரிடம் அவர் 'எல்லாம் எரிகிறது' என்றுதான் பேச்சைத் தொடங்கினார். விடுதலை பெற்றவர் எங்கே போய்ப் பிறப்பார் என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்டபோதும் தீயைத்தான் காட்டினார். உன் முன்னே எரியும் தீ அணைந்தால் அது கிழக்கே போனதா, மேற்கே போனதா? புல்லும் சுள்ளியும் இருந்தவரை எரிந்தது, தீர்ந்ததும் அணைந்தது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். மணிமேகலை பன்னிரண்டு நிதானங்களை, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் விளையும் காரணச் சங்கிலியின் கண்ணிகளை, வரிசைப்படுத்தும்போது வேட்கைக்கு அடுத்ததாக 'பற்று' என்று வைக்கிறது. 'பற்றெனப் படுவது பசைஇய அறிவே' என்று விளக்கமும் தருகிறது. பசைபோல் ஒட்டிக்கொண்ட அறிவு! இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் வேறு. குழந்தை நம் விரலைப் பற்றுகிறது. கூரை தீப்பற்றுகிறது. அடுப்பைப் பற்றவைக்கிறோம். பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்த சோறும் பற்றுதான்; 'பத்துப் பாத்திரம்' என்று பேச்சில் சொல்வது அதனால்தான். பிடிப்பது, எரிவது, ஒட்டுவது மூன்றும் ஒரே சொல்லில். பாலியில் அது எரியும் பொருள், தமிழில் தீ பிடிக்கும் செயல். அந்தச் சிறு வேறுபாடு இருந்தாலும் பிடிப்பையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்த பார்வை ஒன்றே.

சைவ சித்தாந்தத்தில் 'உபாதான காரணம்' என்று வருவது வேறு. குடத்துக்கு மண் போல, முதற்காரணம் அது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பௌத்தம் நான்கு வகைப் பற்றைச் சொல்கிறது: புலனின்பம், கொள்கை, சடங்கும் நோன்பும், 'நான்' என்ற எண்ணம். இரண்டாவதுதான் நமக்கு உறுத்தும். கொள்கைப்பற்று நம் வழக்கில் புகழ்ச்சி. புத்தரோ தம் போதனையையே தெப்பத்துக்கு ஒப்பிட்டு, கரையேறிய பிறகு அதைத் தலையில் சுமந்து திரியாதே என்கிறார்.

எதிர்ச்சொல் 'பற்றின்மை'. இதை வெறுப்பு என்றோ, யாரோடும் ஒட்டாத விட்டேற்றித்தனம் என்றோ எடுத்துக்கொள்வது தவறு. வெறுப்பும் எரியும் தீதான் என்று அந்தக் கயைப் பேச்சிலேயே வருகிறது.

அப்புறம், பௌத்தம் விடுதலைக்கு வைத்த பெயரான 'நிர்வாணம்'. தமிழில் இதைக் கேட்டதும் உடையின்மைதான் நினைவுக்கு வருகிறது. மூலத்தில் அது தீ அவிதல். 'மன அமைதி' என்று எழுதினால் அந்த நெருப்பு காணாமல் போய்விடுகிறது. 'தணிவு' பொருந்தும் என்பது என் எண்ணம். கோபம், காய்ச்சல், நெருப்பு மூன்றும் நமக்குத் தணிபவைதானே.

பாட்டி வீட்டில் விறகடுப்பு. பால் பொங்கி விளிம்புக்கு வந்தால் நாங்கள் பதறி ஊதுவோம். பாட்டி குனிந்து, எரிகிற விறகில் இரண்டை வெளியே இழுத்துப் போடுவாள். 'எரியறதைப் புடுங்குனா கொதிக்கிறது அடங்கும்டா' என்பாள். நுரை மெல்லக் கீழே இறங்கும். இழுத்துப்போட்ட விறகு கொஞ்ச நேரம் புகைந்துகொண்டிருக்கும்.