போன் மீட்டர் ஒன்று, கம்பெனி மீட்டர் ஒன்று

"அண்ணா, போன்ல 1.3 ஜிபிதான் காட்டுது. ஆனா டேட்டா தீர்ந்துருச்சுன்னு மெசேஜ் வந்துருச்சு. மீதி எங்கண்ணா போச்சு?" சேலத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. தினம் 1.5 ஜிபி திட்டம் போட்டவர் 200 எம்பியைக் காணோம் என்று கோபப்படுவது நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் அதை யாரும் திருடியிருக்க மாட்டார்கள். ஒரே டேட்டாவை, போனுக்குள் ஒன்று, சிம் கம்பெனியிடம் ஒன்று என இரண்டு மீட்டர்கள் இரண்டு இடங்களில் அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்.

முதலில் போனுக்குள் இருக்கும் மீட்டர். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது யாருடையது எது என்று பிரித்தறிய, லினக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கும். போனில் ஆள் ஒருவர்தான் என்பதால், ஆண்ட்ராய்டு அந்த எண்ணைச் செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. வாட்ஸ்அப்புக்கு 10,000-க்கு மேல் ஓர் எண், யூடியூபுக்கு இன்னொன்று. ஒரு செயலி இணையத்தில் எந்த இணைப்பைத் திறந்தாலும் அந்த எண் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

டேட்டா பாக்கெட் பாக்கெட்டாகத்தான் வரும், போகும். ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1,500 பைட் அளவில் இருக்கும். அதில் 40 பைட் போல விலாசத்துக்கும் வரிசை எண்ணுக்குமே போய்விடும். விலாசத்துக்கும் சேர்த்துத்தான் காசு. பாக்கெட் ஒவ்வொன்றும் கடக்கும்போது, இயங்குதளத்தின் உட்கருவில் இருக்கும் ஒரு குட்டி நிரல் அது எந்த எண்ணுடையது, எத்தனை பைட் என்று பார்த்து அட்டவணையில் கூட்டிவிடும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வேலையைச் செய்வது இபிபிஎஃப் என்ற நுட்பம். அதற்கு முன் இதற்கென்றே எழுதிச் செருகிய தனி மாட்யூல் ஒன்று இருந்தது. இந்தக் கணக்கு செட்டிங்ஸ் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்தது 2011-ன் ஆண்ட்ராய்டு 4.0-ல்.

செயலி திரையில் இருந்தபோது செலவானது எவ்வளவு, பின்னணியில் இருந்தபோது எவ்வளவு என்பதும் தனித்தனியாக ஏறும். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே உருப்படியான தகவல் இந்தப் பின்னணி எண்தான். யூடியூப் 800 எம்பி சாப்பிட்டது என்றால் அதில் செய்தி ஒன்றும் இல்லை, பார்த்தது நாம்தானே. எப்போதோ ஒரு முறை திறந்த ஷாப்பிங் செயலி பின்னணியில் 90 எம்பி சாப்பிட்டிருந்தால் அதுதான் பிடிக்க வேண்டிய ஆள். வீட்டில் தம்பிக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தது தனி வரியாக வரும். தூக்கி எறிந்த செயலிகள் தின்றதும் 'நீக்கப்பட்ட செயலிகள்' என்று கீழே எங்கோ கிடக்கும். பலர் அதுவரை உருட்டிப் பார்ப்பதில்லை.

இந்தச் செயலிவாரிக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்கெட் வாரியாகச் சேமித்தால் இடம் போதாது என்பதால், போன் அதை இரண்டு மணி நேரத் துண்டுகளாகத்தான் எழுதி வைக்கிறது. அந்தத் துண்டுகள் உலகப் பொது நேரப்படி வெட்டப்படுகின்றன. நம் நேரமோ அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நம்மூரில் ஒரு துண்டு இரவு 11.30-க்குத் தொடங்கி 1.30-க்கு முடியும். நம் திட்டங்களோ சரியாக 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குபவை. படுக்கப் போகும் முன் 11.45-க்குப் பார்த்த படம் நேற்றைய கணக்கா, இன்றைய கணக்கா என்று கேட்டால், போன் அந்தத் துண்டை நேர விகிதப்படி பிரித்து உத்தேசமாகத்தான் சொல்லும். இரவில் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தினக் கணக்கு ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

சரி, கம்பெனி மீட்டர் எங்கே இருக்கிறது? டவரில் இல்லை. ஏற்காட்டில் நிற்கும் டவரின் வேலை வாங்கிக் கொடுப்பது மட்டும்தான். எல்லா டவர்களின் போக்குவரத்தும் ஏதோ ஒரு பெரிய ஊரின் தரவு மையத்தில் இருக்கும் கேட்வேயில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. மீட்டர் அந்த வாசலில் இருக்கிறது. மேட்டூரிலிருந்து சேலத்துக்கு ஏற்றும் தண்ணீரை மேட்டூரிலேயே அளந்து, உங்கள் தெருக்குழாயில் வந்ததற்குப் பதிலாக அந்த அளவுக்கே பில் போட்டால் எப்படியோ, அப்படி.

அந்த கேட்வே நம் முழுப் பாக்கியையும் தன் கையில் வைத்திருப்பதில்லை. போன் இணைந்ததும் கட்டணக் கணினியிடம் கேட்டுச் சிறு பங்கு ஒன்றை வாங்கும். அதை எண்ணித் தீர்த்ததும் அடுத்த பங்கைக் கேட்கும். நடுவில் இருக்கும் பங்கின் கணக்கு மேலே போய்ச் சேராததால்தான், கம்பெனியின் செயலியில் தெரியும் பாக்கி சில நேரம் பின்தங்கி நிற்கிறது. கடைசிப் பங்கும் தீர்ந்தால் வேகக் கட்டுப்பாடு வரும். பல திட்டங்களில் அது விநாடிக்கு 64 கிலோபிட், அதாவது 8 கிலோபைட். 3 எம்பி போட்டோ ஒன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும்!

இப்போது அந்த 200 எம்பிக்கு வருவோம். பாதி வெறும் அலகுச் சண்டையாக இருக்கலாம். ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்றும் வைக்கலாம், 1,024-ஐ மூன்று முறை பெருக்கி 107 கோடிச் சொச்சம் என்றும் வைக்கலாம். கம்பெனி முதல் கணக்கையும் போன் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டால், கம்பெனியின் 1.5 ஜிபி போன் திரையில் 1.4 ஜிபி என்றுதான் தெரியும். எங்கும் ஒரு பைட் கூடத் தொலையாமலே 100 எம்பி குறைந்துவிட்டது.

மற்றதில் ஒரு பகுதிக்கு மலையே காரணமாகலாம். அடிவாரத்தில் பஸ் ஏறி, வீடியோவைப் போட்டுக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏற்காட்டுக்குப் போகிறீர்கள். ஏதோ ஒரு வளைவில் மலைச்சரிவு டவரை மறைக்கிறது. டவருக்கும் போனுக்கும் நடுவே காற்றில் தவறும் துண்டுகளை டவரே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இது இரண்டு மீட்டரிலும் ஏறாது, இரண்டுக்கும் நடுவில் நடக்கிற வேலை அது. இணைப்பே அறுந்துபோனால்தான் வம்பு. கேட்வேயைத் தாண்டி, டவரில் வந்து காத்திருந்த பாக்கெட்டுகள் அங்கேயே கைவிடப்படும். கம்பெனி மீட்டர் அவற்றை ஏற்கெனவே எண்ணிவிட்டது. போன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சிக்னல் திரும்பியதும் சர்வர் அதே பாக்கெட்டுகளை மறுபடி அனுப்ப, கேட்வே மறுபடி எண்ணும்.

பெரும்பாலான வீடியோக்களில் இந்த இழப்பு சொற்பம்தான். போனிடமிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராவிட்டால் சர்வர் சீக்கிரமே நிறுத்திக்கொள்ளும். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் டேட்டா ஓட்டங்களில்தான் ஆபத்து. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல், 3ஜி காலத்தில், இதைச் சோதித்துக் காட்டினார்கள்: போன் சிக்னலே இல்லாத இடத்துக்குப் போன பின்னும் அப்படிப்பட்ட ஓட்டம் தொடர்ந்தால், கம்பெனிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

மலையில் இன்னொரு கண்ணி வைஃபை. காட்டேஜின் கனமான சுவருக்குள் வைஃபை நலிந்துபோனால், பல போன்கள் நம்மைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஐபோனில் 2015-லிருந்து 'வைஃபை அசிஸ்ட்' என்ற பெயரில் இது இருக்கிறது. செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்தின் கடைசியில் அதை அணைத்துவிடலாம். பகோடா பாயிண்ட்டில் எடுத்த அத்தனை படங்களையும் அறையில் வைஃபையில்தான் ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், போன் பாதியை மொபைல் டேட்டாவில் ஏற்றியிருக்கலாம். இந்தச் செலவு இரண்டு மீட்டரிலுமே ஏறும் என்பதால் கம்பெனியைக் குறை சொல்லவும் வழியில்லை.

ஐபோன்காரர்களுக்கு இன்னொரு விஷயம். அதில் 'நடப்புக் காலம்' என்று காட்டும் எண் மாதாமாதம் தானாகப் பூஜ்ஜியமாகாது. நாமாக அழிக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் மாதத் தேதி வைக்கலாம், ஆனால் நம்மூர்த் திட்டங்கள் பல 28 நாள். வருடத்துக்கு 13 ரீசார்ஜ், தேதி ஒவ்வொரு முறையும் நகர்ந்துவிடும். தினக் கணக்கு வைக்கும் வசதி சில நிறுவனங்களின் போன்களில் மட்டும்தான் உண்டு. ஆகவே எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டுமானால் கம்பெனியின் செயலியைப் பாருங்கள். யார் தின்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் போனைப் பாருங்கள். பாக்கெட் எந்தச் செயலியுடையது என்பது கம்பெனிக்கு உறுதியாகத் தெரியாது, போன் ஒட்டிய அந்த எண் போனை விட்டு வெளியே போவதில்லை.

அலகு, நள்ளிரவு, ஹாட்ஸ்பாட், இரண்டாவது சிம் எல்லாவற்றையும் கழித்த பின்னும் தினமும் பெரிய வித்தியாசம் வந்தால் 198-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அப்போது போனின் டேட்டா பக்கத்தை மட்டும் காட்டிப் பயனில்லை. கம்பெனியின் பாக்கியை நள்ளிரவு தாண்டியதும் ஒரு முறை, தீர்ந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரத்தோடு வைத்திருங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைத்துவிடாதீர்கள்.