கேமராவை அரிசியில் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்

சனி, ஞாயிறு போட்டோகிராபி ஒர்க்‌ஷாப் போய்க் கேமராவை நனைத்துக்கொண்டு வந்தவர்கள் திங்கட்கிழமையே என் கேமரா ரிப்பேர் கடைக்கு வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைதான் வருகிறார்கள். நடுவில் நான்கு நாள் கேமரா அரிசிக்குள் இருந்திருக்கும். இந்த வருடத்தில் மட்டும் இப்படி எத்தனை பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். போன வெள்ளிக்கிழமை வந்ததைப் பார்த்த பிறகு, சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டைகூடக் கழற்றாமல் வந்திருந்தார். தவணையில் வாங்கிய மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ரகம்), இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. பழவேற்காட்டில் இரண்டு நாள் முகாம். கிளப்பில் அந்த மாதப் போட்டிக்குத் தலைப்பு 'அலை'. தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால்தான் அலை உயரமாகத் தெரியும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் சொல்வேன். இவர் படுத்திருக்கிறார், அலை உயரமாகவே வந்திருக்கிறது, கேமராவுக்கு மேலேயே வந்துவிட்டது.

"அண்ணா, நான் லேட் பண்ணவே இல்லை. ரூமுக்குப் போனதுமே அரிசி வாங்கி உள்ளே வெச்சுட்டேன். தினமும் ஒரு தடவை எடுத்து ஆன் பண்ணிப் பார்த்தேன். புதன்கிழமை வரைக்கும் ஆன் ஆச்சு."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் முகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்த நம்பிக்கை இருந்தது.

அடித்தட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். ஆறு திருகில் ஒன்று அசையவே இல்லை, ஐந்து நாளில் துருப்பிடித்து இறுகிவிட்டது. பேட்டரிக் கதவின் ஸ்பிரிங்கில் ஒரு புழுங்கல் அரிசி நொய் சொருகிக்கொண்டிருந்தது. பேட்டரி உட்காரும் இடத்தில் இருக்கும் தகடுகளில் பச்சைக் களிம்பு, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் பிடிக்குமே, அதே பச்சை. ஷட்டர் இதழ்களின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மெயின் போர்டில் பேட்டரி கனெக்டர் பக்கம் லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு செப்புத் தடம் இருந்த இடமே இல்லை, தின்றுவிட்டது. போர்டு, ஷட்டர், இரண்டு ஃப்ளெக்ஸ் (வளைகிற மெல்லிய இணைப்புப் பட்டை) மாற்ற வேண்டும், அந்தக் காசுக்கு அதே கேமராவைச் செகண்ட் ஹாண்டில் வாங்கிவிடலாம். அதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கார்டு நல்லா இருக்கா அண்ணா?" கார்டு நன்றாக இருந்தது. படமும் நன்றாகத்தான் வந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அரிசி விஷயத்துக்கு வருவோம். போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடு என்று யார் ஆரம்பித்தார்களோ, அவர் மட்டும் என் கையில் கிடைத்தால்! அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது நினைப்புத்தான். கடையில் வாங்கும் அரிசியிலேயே நூற்றுக்கு 12, 13 பங்கு ஈரம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி யாரையாவது கேளுங்கள், கொள்முதல் நிலையத்தில் நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று திருப்பி அனுப்பிய கதையை மணிக்கணக்கில் சொல்வார். தன் ஈரமே காயாத ஒரு பொருள் உங்கள் கேமராவின் ஈரத்தை எங்கிருந்து இழுக்கும்? திறந்து வைத்தாலே காய்ந்திருக்கும் அளவுக்குத்தான் அரிசிக்குள்ளும் காயும், பல நேரம் அதைவிட மெதுவாக. அதோடு தவிடும் மாவும் சேர்ந்து உள்ளே போகும். சுவிட்ச் இடுக்கிலும், மேலே ஃப்ளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவிலும் அந்த மாவு ஈரத்தோடு சேர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு அரைமணி நேரம்.

அது கிடக்கட்டும். அரிசி முழு ஈரத்தையும் இழுத்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிட்டது, உப்பு எங்கே போகும்? வேதாரண்யத்தில் பாத்தி கட்டி, கடல்நீரை விட்டு, வெயிலில் காயவைத்து இதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் அதையே மெயின் போர்டின் மேல் செய்கிறீர்கள். காய்ந்த உப்பு சும்மாவும் இருக்காது. சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி மறுபடி கசியும். அதனால்தான் "நாலு நாள் நல்லா வேலை செஞ்சுது, திடீர்னு போயிடுச்சு" என்கிறார்கள். திடீரென்று எதுவும் போகவில்லை, நாலு நாளாக அரித்துக்கொண்டே இருந்தது.

இதில் பெரிய எமன் அரிசிகூட இல்லை, ஆன் பண்ணிப் பார்ப்பதுதான். உப்புத் தண்ணீருக்குள் பேட்டரி மின்சாரம் பாய்ந்தால் செம்பு கரைந்துபோகும், பள்ளிக்கூட லேபில் எல்லாரும் பார்த்ததுதான். ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் அரிப்பு இன்னும் வேகமாகும். சரி, ஆஃப் பண்ணித்தானே வைத்திருக்கிறேன் என்பீர்கள். பேட்டரி உள்ளே இருந்தால் கேமரா முழுசாக ஆஃப் ஆவதில்லை, கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நான் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரி இல்லை. 1850-களிலேயே போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிய ஊர் இது. நானும் ஒரு கிளப்பின் பின்வரிசையில் உட்கார்ந்துதான் எக்ஸ்போஷர் கற்றுக்கொண்டேன். பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று எடுத்த பத்துப் படத்தையும் சாயந்திரம் சுவரில் வரிசையாகப் பார்க்கும்போது கிடைக்கிற பாடம் எந்த யூடியூபிலும் கிடைக்காது. பரிசு என்று ஒரு காபி மக் கொடுக்கும் உள்ளூர்ப் போட்டிகூட ஆளை நாலு மணிக்கு எழுப்பி காசிமேட்டுக்கு ஓடவைக்கிறது. நல்ல விஷயம். என் வயிற்றெரிச்சல் வேறு. எந்த மாதம் எந்தக் கிளப்பில் என்ன தலைப்பு என்று என் மேசையைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். லென்ஸைத் திருகினால் நறநறவென்று சத்தம், உள்ளே ரோஸ் கலர்ப் பொடி என்றால் சௌகார்பேட்டை ஹோலி. செம்மண் என்றால் தை மாதம், பாலமேடோ அலங்காநல்லூரோ. கேமரா பாடியின் அடியில் மீன் வாடை என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் கரைந்த தரையில் பையை வைத்திருப்பார்கள். எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எடுத்த பிறகு துடைக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

வெதர் சீல் என்றொரு சொல்லை நம்பி வருகிறவர்கள் தனி ரகம். சீல் என்றால் இணைப்புகளில் மெல்லிய ரப்பர் வைத்திருக்கிறார்கள், தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-1 மாதிரி ஒரு சிலவற்றுக்குத்தான் எவ்வளவு தூசி, தண்ணீர் தாங்கும் என்று ஐபி53 என எண் போட்டே தருகிறார்கள். அதுவும் மேலிருந்தும் சாய்வாகவும் விழுகிற தெளிப்புக்குத்தான், அலையில் முங்கி எழ இல்லை. பாடிக்கு சீல் இருந்து லென்ஸுக்கு இல்லாவிட்டால் அதுவும் வீண். உங்கள் லென்ஸின் பின்பக்க மவுண்டைத் திருப்பிப் பாருங்கள், சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இல்லையென்றால் அது மழைக்கான லென்ஸ் இல்லை. கேமராவோடு வரும் 18-55 பெரும்பாலும் அந்த ரகம்தான். திருகும்போது நீள்கிற ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கும், சைக்கிள் பம்ப் மாதிரி. வெளியே கலர்ப்பொடி பறந்தால் உள்ளே வருவதும் கலர்ப்பொடிதான்.

மலை முகாம்களுக்கு வேறு வியாதி. வால்பாறையிலும் கொடைக்கானலிலும் இரண்டு மூன்று நாள் மூடுபனியில் சுற்றிவிட்டு, ஈரமான பையோடு வீட்டுக்கு வந்து, அப்படியே பீரோவில் வைத்துவிடுவது. அடுத்த முகாம் அறிவிப்பு வரும்போது எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். ஃபங்கஸ். ஆரம்பத்தில் கொண்டுவந்தால் பிரித்துத் துடைத்துவிடலாம். விட்டால் அது கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கையே தின்று தழும்பு போட்டுவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பைக்குள் பூச்சி உருண்டை போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூச்சி உருண்டை ஈரத்தை இழுக்காது சார், அது கரப்பானுக்கு. காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். எப்போதாவது எடுத்து நாலு படம் எடுங்கள், பீரோவில் வைத்து அழகு பார்க்கவா வாங்கினீர்கள்?

ஏசி அறையிலிருந்து விடியற்காலை வெளியே வந்ததும் லென்ஸ் வியர்க்கும். உடனே டீ-ஷர்ட்டால் தேய்க்காதீர்கள். அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து வைத்து இருபது நிமிடம் டீ குடியுங்கள், கவருக்கு வெளியேதான் வியர்க்கும்.

கடற்கரைக்குப் போகிறீர்களா, எந்த லென்ஸ் என்று அறையிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு போங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் படம் பதிகிற சென்சார் பெரும்பாலும் திறந்தே கிடக்கும், காற்றில் வருகிற உப்பும் மணலும் நேராக அதன் மேல்தான் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் காய்ந்த கறையைத் துடைப்பது தூசியைவிடக் கஷ்டம். ரப்பர் ப்ளோயர் போதும், போகாவிட்டால் கொண்டு வாருங்கள். ஹோட்டல் குளியலறையில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி தருவார்களே, அதில் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேமராவுக்கு அதைவிட மலிவான குடை கிடையாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடி முழுக்கத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை. டிரைபாட் கால்களை மட்டும் தாராளமாகக் கழுவலாம்.

அதையும் மீறி நனைந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றுங்கள். படம் வந்ததா என்று பார்த்துவிட்டு அல்ல, அந்த நிமிடமே. கார்டையும் எடுத்துவிடுங்கள். ஆன் பண்ணாதீர்கள், உதறாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். அது தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும், லென்ஸில் இருக்கும் கிரீஸை உருக்கும். துடைத்துவிட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து அன்றே அல்லது மறுநாள் காலை யாராவது ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், என்னிடம்தான் என்று இல்லை. உப்பு காய்வதற்குள் போர்டைப் பிரித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கழுவி, பிறகு ஆல்கஹாலில் அலசிவிட்டால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. நீங்களே பிரிக்கலாம் என்று வீடியோ பார்த்து உட்காராதீர்கள். உள்ளே ஃப்ளாஷ் இருக்கிற கேமராவில் 300 வோல்ட் வரை தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் அதில் சார்ஜ் நிற்கும். இத்தனை வருடத்தில் நானே இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன், கை தோள் வரைக்கும் உதறும். வாரன்ட்டி இருக்கிறதே என்பவர்களுக்கு: அதில் தண்ணீர் வராது, இன்ஷூரன்ஸ் தனியாக எடுத்திருந்தால்தான் உண்டு.

முகாம் நடத்துகிற நண்பர்களே, உங்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் காலையில் காம்போசிஷன் எடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு ஜிப் கவரும் ஒரு சிலிக்கா பாக்கெட்டும் கொடுங்கள், டீ ஷர்ட்டில் லோகோ அடிக்கிற செலவில் பாதிகூட ஆகாது. படுத்து எடுக்கச் சொல்லும்போது பக்கத்தில் ஒருவரை நின்று அலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவர்களும் தண்ணீர் தெறிக்கிற படத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முதல் பரிசு கொடுக்க வேண்டாம், தூரத்திலிருந்து 200 எம்எம் லென்ஸில் எடுத்த அலைக்கும் மார்க் உண்டு.

அடுத்த மாதம் ஒரு கிளப்பில் தலைப்பு 'மழை' என்று கேள்விப்பட்டேன். ஐப்பசி மழை, எனக்கே கேமராவை எடுக்கக் கை அரிக்கிறது, போங்கள், எடுங்கள். நனைந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எடுப்பேன். அரிசி மட்டும் வேண்டாம்.